நிற்க வேண்டிய இடம்

அந்நாளில் இராஜபாளையத்தில் ஒரு குடும்பம் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் புறப்பட்டால் தெருவே அறியும். குளித்துத் தலைசீவி, பெட்டியிலிருந்த பட்டை எடுத்து உடுத்தி, குழந்தைகளின் முகத்தில் கைநிறையப் பவுடர் பூசி, வெயில் தாழ்ந்த பின் நடந்தே ஸ்டுடியோவுக்குப் போவார்கள். உள்ளே ஓர் இருட்டறை. அதன் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு படுதா. தாஜ்மகாலோ, அன்னம் நீந்தும் குளமோ, பளிங்குப் படிக்கட்டு ஏறிச் செல்லும் மாளிகையோ அதில் எழுதப்பட்டிருக்கும். வெளியே ஆலைச் சங்கு ஊதும். பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிகள் போகும். உள்ளேயோ, மதுரைக்கு அப்பால் சென்றறியாத தம்பதியர் ஆக்ராவில் நின்றுகொண்டிருப்பர்.

அப்படங்களால் எவரும் ஏமாந்ததில்லை. எடுத்தவருக்கும் தெரியும், நின்றவருக்கும் தெரியும், சட்டம் போட்டு மாட்டிய பின் வந்து பார்த்த உறவினருக்கும் தெரியும், அது துணி என்று. ஆயினும் அதைப் பொய் என்று சொன்னவரை நாம் கண்டதில்லை. இன்றும் நம் பங்கில் வீடு சந்திக்கச் செல்லுகையில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குச் சற்றுத் தள்ளி அத்தகைய படம் ஒன்று தொங்குவதைக் காண்கிறோம்.

அந்தப் படுதாக்களை நமக்கு மீண்டும் நினைவூட்டியது, 2018-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் நாம் கண்ட ஓர் இடம். அதைப் பற்றி அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதத் துணியாமைக்கும் ஒரு காரணம் உண்டு; அது போகப் போக விளங்கும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு ஊர்களின் இளையோரும், துணைக்குச் சில பெரியவர்களுமாக முப்பத்தொரு பேர் சென்னைக்குத் திருப்பயணம் செல்வதென்று அவ்வாண்டு முடிவாயிற்று. பரங்கிமலையும் சாந்தோமும் நாம் வகுத்த திட்டம். இளையோர் அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டனர். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு ஒரு பெண், ‘பாதர், கிளிக் ஆர்ட் மியூசியமும் போகலாமா?’ என்று கேட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. பூங்காவில், ஓவியர் ஏ.பி. ஸ்ரீதர் 2016-இல் அமைத்த காட்சிக்கூடம் அது. படங்களைத் தள்ளி நின்று பார்ப்பதற்குப் பதிலாகப் படத்துக்குள்ளேயே நாம் புகுந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும்படி வரையப்பட்ட ஓவியங்கள் அங்கே உள்ளன என்றார்கள். அப்போஸ்தலர் கல்லறைக்குப் போகும் வழியில் இது எதற்கு என்று நமக்குத் தோன்றியது. ஆனால் மே மாதத்துச் சென்னையில் பிற்பகல் முழுவதும் இளையோரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு நம்மிடம் வேறு விடை இல்லை. குளிரூட்டிய கூடம் என்று கேள்விப்பட்டதும் பெரியவர்கள் நம்மைக் கைவிட்டு இளையோர் பக்கம் சேர்ந்துவிட்டனர்.

பொதிகை விரைவு வண்டி மாலையில் இராஜபாளையத்துக்கு வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஏறியவர்கள் பைகளைவிடப் பால்கோவாப் பொட்டலங்களையே கவனமாக ஏற்றினர். சென்னையில் உள்ள உறவினர் வீட்டுக்குப் பால்கோவா இல்லாமல் போவது அவ்வூராருக்கு இயலாத காரியம். (அதற்கு மறு ஆண்டு, 2019-இல், அப்பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழ் இல்லாத நாளிலும் அதன் சுவையில் நமக்கு ஐயம் இருந்ததில்லை.)

வண்டி புறப்பட்டதும் கைப்பேசிகள் வெளிவந்தன. சன்னலோரம் ஒரு படம், மேல்தட்டில் ஒரு படம், பால்கோவாவுடன் ஒரு படம். ‘முகத்தை இத்தனை தடவை பார்த்துச் சலிக்கவில்லையா?’ என்று கேட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி தயங்காமல் விடை சொன்னாள்: ‘எங்க ஊர்லதான் பாதர் இது ஆரம்பிச்சது. ஆண்டாள் கோவில்ல கண்ணாடிக் கிணறுன்னே ஒண்ணு இருக்கு.’ பெருமாளுக்குரிய மாலையைத் தான் சூடி, கிணற்று நீரில் தன் அழகு பார்த்துவிட்டு, பிறகு கொடுத்தனுப்பிய ஆண்டாளின் வரலாறு தமிழர் எல்லோரும் அறிந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி உயர்ந்த பதினொரு நிலைக் கோபுரத்தைப் பார்க்க வருவோர் அந்தக் கிணற்றையும் எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. ‘ஆண்டாள் பார்த்தது மாலை தனக்கு எப்படி இருக்கிறது என்றல்ல, அவருக்கு எப்படி இருக்கும் என்று’ எனச் சொல்லி, பேச்சில் நாம் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்தோம். அந்தச் சொல் மறுநாளே நம்மிடம் திரும்பி வரும் என்று அப்போது அறியோம்.

விடியற்காலையில் தாம்பரம். அங்கிருந்து வேன். பரங்கிமலைமேல் திருப்பலி. அங்கிருந்து பார்த்தால் விமான நிலையமும் நகரமும் கீழே விரிந்து கிடக்கின்றன. அங்கும் படம் எடுத்தார்கள். அதை நாம் பொருட்படுத்தவில்லை.

சாந்தோமில்தான் பொறுமை இழந்தோம். இன்றுள்ள வெண்ணிறப் பேராலயம் 1896-இல் கட்டி முடிந்தது. போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய பழைய கோவில் இருந்த இடம் அது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து செபித்த இடமும் அதுவே. கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழியே இறங்கிச் செல்ல வேண்டும். அங்கே குளிர்ச்சியும் அமைதியும் உண்டு. உயிர்த்த ஆண்டவரின் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற மனிதர், கண்ணால் கண்டதும் விரலை மறந்து மண்டியிட்டவர், நம் மண்ணில் வந்து இரத்தம் சிந்தினார் என்பது நம் முன்னோரின் மரபு. அதைச் சில சொற்களில் சொல்லிவிட்டு முழந்தாளிட்டோம். நிமிர்ந்தபோது, நம் பங்கின் பீடச்சிறுவர்களில் மூத்தவன், பதினோராம் வகுப்பு முடித்தவன், கல்லறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பேசியை உயரப் பிடித்து, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

‘அப்போஸ்தலருக்கு முதுகு, உன் முகத்துக்கு வணக்கமா?’ என்று கேட்டோம். குரல் சற்று உரக்கவே இருந்தது. பிற ஊர்த் திருப்பயணிகள் திரும்பிப் பார்த்தனர். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முழந்தாளிட்டான். நம் பேச்சுக்குப் பயன் விளைந்ததென்று மகிழ்ந்தோம்.

பிற்பகலில் ஈஞ்சம்பாக்கம். அந்தப் பூங்காவில் நெடுங்காலமாகப் புகழ்பெற்றவர் ‘சிலை மனிதர்’. மீசையும் தலைப்பாகையுமாகக் காவலர் உடையில் கண்ணிமையும் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைப்பவருக்குப் பரிசு என்பார்கள். நம் இளையோர் ஆடிப் பாடிப் பழித்துக் காட்டிப் பார்த்தனர். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணி நேரத் திருச்சடங்கில் இப்படி நிற்கும் பீடச்சிறுவர் நமக்கு வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டோம். உயிருள்ளவர் சிலையாக நிற்பதைப் பார்த்த கையோடு, உயிரற்றவை உயிர்பெற்று வருவதுபோல் காட்டும் கூடத்துக்குள் நுழைந்தோம்.

உள்ளே இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்கள், சுவரிலிருந்து தரைக்கு வழிந்து கிடந்தன. முதற்பார்வையில், உண்மையைச் சொன்னால், நமக்கு ஏமாற்றமே. சட்டத்தைத் தாண்டி நீளும் கை கோணலாய்த் தெரிந்தது. காலடியில் பிளந்திருக்கும் பள்ளம் பள்ளமாகத் தோன்றவில்லை. தரையில் பூசிய சாயமாகவே தெரிந்தது. எல்லாம் இழுத்து நீட்டி விட்டதுபோல் இருந்தன. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று எண்ணினோம். அதற்குள் ஒரு சிறுமி தன் தோழியை அப்பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, தான் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்று படமெடுத்து, ஓடிவந்து நம்மிடம் காட்டினாள். திரையில், தோழி பாதாளத்தின் மேல் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தாள். நமக்கு வயிறு ஒரு கணம் கலங்கியது. நிமிர்ந்து நேரில் பார்த்தோம், வெறும் தரை. குனிந்து திரையைப் பார்த்தோம்; பாதாளம்.

இந்த வித்தையின் இரகசியம் எளிது. சாலையில் ‘மெதுவாகச் செல்’ என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருப்பதை அருகில் நின்று பார்த்தால் எழுத்துகள் கொடிபோல் நீண்டு கிடக்கும், படிக்கவும் இயலாது. வண்டியின் இருக்கையில் அமர்ந்து தொலைவிலிருந்து வரும் ஓட்டுநருக்கோ அவை அளவாகத் தெரியும். எழுதியவர் எழுத்தைப் பார்த்து எழுதவில்லை. ஓட்டுநரின் கண் எங்கிருக்கும் என்று கணக்கிட்டு எழுதினார். இங்கும் அப்படியே. ஓவியர் ஒரே ஒரு புள்ளியை மனத்தில் கொண்டு, அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்காக அனைத்தையும் நீட்டியும் குறுக்கியும் வரைகிறார். அந்தப் புள்ளியில் நின்றால் உருவம் எழுந்து நிற்கும். இரண்டடி தள்ளி நின்றால் சிதைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நமக்கு இரண்டு கண்கள். இரண்டும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் கண்டு, அவற்றை ஒப்பிட்டு, இது சுவர், இது தரை என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. கைப்பேசியின் படக்கருவிக்கு ஒரே கண். அதற்கு ஆழம் தெரியாது. எனவே அது எளிதில் ஏமாறுகிறது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தோம். பள்ளம் சற்று ஆழமாயிற்று.

இது புதுமை என்று இளையோர் நினைத்தனர். நம் குருமட நாள்களில் ஒரு பேராசிரியர் ஓவியங்கள் அச்சிட்ட ஒரு பெரிய நூலைப் பிரித்துக் காட்டியது நமக்கு நினைவு வந்தது. உரோமையில் புனித இஞ்ஞாசியார் கோவிலுக்கு ஒரு பெரிய குவிமாடம் கட்டத் திட்டமிருந்தது; கட்டப்படவில்லை. இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா போட்சோ, 1685-இல், ஒரு பெரும் வட்டத் துணியில் குவிமாடத்தை வரைந்து கூரையில் பொருத்திவிட்டார். தூண்கள், சன்னல்கள், மேலேறிக் குறுகும் வட்டங்கள் அனைத்தும் தட்டையான துணி. கோவிலின் தரையில் சலவைக்கல் வட்டு ஒன்று பதித்துள்ளனர். அதன்மேல் நின்று நோக்கினால் கல்லில் எழுந்த குவிமாடம். பீடத்தை நோக்கி நடக்க நடக்க அது சாய்ந்து சரிகிறது. அவர் தம் கலையைப் பற்றி எழுதிய நூல், சபைத் துறவியரால் சீனாவுக்கும் சென்றது. அதற்கும் முன், 1533-இல், ஹால்பைன் என்ற ஓவியர் செல்வச் செழிப்புள்ள இரு தூதர்களை வரைந்து, அவர்கள் காலடியில் என்னவென்றே புரியாத ஒரு நீண்ட கறையையும் வரைந்து வைத்தார். படத்தை விட்டு விலகி ஓரத்துக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பவருக்கு அக்கறை ஒரு மண்டை ஓடாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் நம்மைச் சூழ்ந்து நின்ற நான்கைந்து பேருக்குச் சொன்னோம். ‘அப்ப நம்ம கோவில்காரங்கதான் முதல்ல செஞ்சதா பாதர்?’ என்று ஒருவன் கேட்டான். படத்துக்குள்ளே மனிதரை அழைத்துச் செல்லும் கலையைக் கேட்கிறாய் என்றால் அது 1223-ஆம் ஆண்டு என்றோம். அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் இரவில், இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்ற ஊரில், அசிசிப் புனித பிரான்சிஸ் ஒரு குகையில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து, ஊராரைப் பந்தம் ஏந்தி வரச் செய்தார். சுருபங்கள் இல்லை, தொட்டியில் குழந்தையும் இல்லை. வந்து நின்றவர்களே இடையர்கள். நம் வீடுகளில் டிசம்பரில் எழும் குடில்களெல்லாம் அந்தக் குகையின் வழியில் வந்தவை. நம் பங்குக் குடிலின் முன்னும் இப்போது படம் எடுக்க வரிசை நிற்கிறது. அதைக் கண்டு பலமுறை முகம் சுளித்திருக்கிறோம். புதுநன்மைத் திருப்பலியில் படமெடுப்பவர் பீடத்தின் மேலேயே ஏறிவிடுவதைப் பற்றி இம்மாத இதழ் முழுவதும் எழுதச் சொன்னாலும் எழுதுவோம். ஆனால் அது வேறு கதை.

கூடத்தில் நேரம் போகப் போக நமக்கு ஒன்று புலப்பட்டது. இந்த ஓவியங்கள் ஒவ்வொன்றும் ஆள் இல்லாமல் குறையாய் நிற்கின்றன. நீட்டிய கை பற்றுவதற்கு ஆளில்லாமல் வெறுமனே நீண்டிருக்கிறது. ஆள் வந்து நின்றாலோ, நின்றவர் படத்தைப் பார்க்க முடியாது. அவர் அதற்கு முதுகு காட்டியே நிற்க வேண்டும். சரியான புள்ளியில் நின்று பார்ப்பவர் இன்னொருவர். இங்கே செல்பி என்னும் தற்படம் பெரிதும் பயன்படாது; கை எட்டும் தொலைவில் அந்தப் புள்ளி இல்லை. ஆகவே, எப்போதும் தத்தம் திரைக்குள் மூழ்கியிருக்கும் நம் இளையோர், அன்று பிற்பகல் முழுவதும் ஒருவருக்கொருவர், ‘கொஞ்சம் தள்ளு, கையைத் தூக்கு, தலையைச் சாய்’ என்று சொல்லிக்கொண்டிருந்தனர். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அதுவரை தனித்தனிக் குழுவாகவே இருந்தவர்கள். எப்போது கலந்தார்கள் என்று நாம் கவனிக்கவில்லை.

கல்லறையில் நாம் கண்டித்த பையன் மட்டும் எந்தப் படத்திலும் நிற்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ‘நீ ஏன் நிற்கவில்லை?’ என்று கேட்டோம். ‘வேண்டாம் பாதர்’ என்றான். நம் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனுடைய அத்தை துணைக்கு வந்திருந்தார். பெஞ்சில் நம் அருகில் வந்து உட்கார்ந்து, சற்று நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

‘சாமி கோவிச்சுக்கக் கூடாது. அவன் அம்மா படுத்த படுக்கையா இருக்குல்ல, அதுக்காகத்தான் எடுத்தான். போன்கூட அவன் அண்ணனோடது. கிளம்பும்போது அது சொல்லிச்சு, கோவில மட்டும் எடுத்துட்டு வராதப்பா, ஒவ்வொண்ணுலயும் நீ நிக்கணும், நீ நின்னாத்தான் நான் போனமாதிரின்னு.’

அவன் தாயாரை நாம் நன்கு அறிவோம். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகளில் அதுவும் ஒன்று. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை செய்தவர். நாட்டின் பல மூலைகளிலும் உள்ள மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் ஊர் அது. பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகளாயிற்று, இடப்பக்கம் அசையாது. அவருக்குச் சாந்தோமைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை உண்டு என்று நம்மிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார். நாம்தான் மறந்துபோனோம்.

முகம் தெரிய வேண்டுமானால் கல்லறைக்கு முதுகு காட்டாமல் வேறு எப்படி நிற்பது? இதற்கு எந்தத் திருவழிபாட்டு நூலிலும் விடை இல்லை. முந்தின இரவு இரயிலில், ஆண்டாள் தனக்காகப் பார்க்கவில்லை என்று சொல்லி வென்ற வாய் அப்போது ஒன்றும் பேசாமலிருந்தது.

எழுந்து சென்று பையனைத் தனியே அழைத்தோம். ‘காலையில் விசாரிக்காமல் சத்தம் போட்டது நம் தவறு’ என்றோம். முப்பது பேர் முன்னே கண்டித்துவிட்டு, தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டது நேர்மையான கணக்கல்ல என்பது பிறகுதான் உறைத்தது. அவன் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு, ‘பரவால்ல பாதர்’ என்றான்.

வேன் ஓட்டுநரிடம் போய், சாந்தோமுக்கு ஒருமுறை திரும்பிப் போய்வர முடியுமா என்று கேட்டோம். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மாலை நெரிசலில் அடையாறு தாண்டிச் சாந்தோம் போய், அங்கிருந்து இரவு வண்டிக்குத் தாம்பரம் வருவது ஆகாத காரியம். முப்பத்தொரு பேரின் பயணச்சீட்டு நம் பையில் இருந்தது. திரும்பி உள்ளே வந்தோம்.

‘வா, நாம் எடுக்கிறோம்’ என்றோம். இம்முறை அவன் மறுக்கவில்லை. கைப்பேசியில் படம் எடுத்து நமக்குப் பழக்கமில்லை. தரையில் காலடி வரைந்திருந்த இடத்தில் நின்றோம். ‘பாதர், இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... குனியுங்க... இல்ல, அவ்வளவு குனியாதீங்க’ என்று படத்துக்குள் நின்றவன் படமெடுப்பவருக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தான். கூட்டம் கூடிவிட்டது. மறையுரையில் நாம் இதுவரை பெறாத கவனம் அன்று நமக்குக் கிடைத்தது. பாயும் விலங்கின் முன் அவன் அலறுவதுபோல் ஒன்று, பள்ளத்தின் மேல் ஒன்று, சுவரைத் தாண்டி நீளும் பெரிய கைமேல் அமர்ந்தபடி ஒன்று எனப் பதினைந்துக்குக் குறையாமல் எடுத்தோம். பிறகு, ‘நீங்களும் ஒண்ணு நில்லுங்க பாதர்’ என்றார்கள். வெள்ளை அங்கியோடு அந்தக் கையில் உட்கார்ந்த படம் அன்றிரவே இரண்டு பங்குகளின் வாட்ஸப்பிலும் வலம் வரும் என்று தெரியும். மறுத்துவிட்டோம். அதை இன்று எண்ணினால் வருத்தமே.

இராஜபாளையம் திரும்பினோம். ஜூன் மாதத்து முதல் வெள்ளியன்று அவ்வீட்டுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். செபங்கள் முடிந்து, நன்றிச் செபம் சொல்லி, தண்ணீர் கொடுத்தபின், அந்த அம்மையார் தலையணை அடியிலிருந்து வலக்கையால் கைப்பேசியை எடுத்தார். ஒரு மாதத்துக்கு அதை மூத்த மகன் தாயிடமே விட்டிருந்தானாம்.

ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். பரங்கிமலை. கடற்கரைச் சாலை. பிறகு நேரே பாயும் விலங்கு. ‘முதல்ல பார்த்தப்ப பதறிட்டேன் சாமி. அப்புறம்தான் சிரிச்சேன். இரண்டு வருஷத்துல இப்படிச் சிரிச்சதே இல்லன்னு இவங்க அப்பா சொன்னாரு.’ மீண்டும் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தது. பிறகு, ‘சாந்தோம் கல்லறையிலதான் எடுக்க மறந்துட்டேன்னு சொல்றான். அதைத்தான் முக்கியமாச் சொல்லி விட்டேன். பிள்ளைக்குக் கவனம் பத்தல’ என்றார்.

வாசற்படியில் நின்றிருந்த பையன் நம்மைப் பார்த்தான். இல்லை என்பதுபோல் மெல்லத் தலையசைத்தான். நாம் சொல்லாமல் விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். ‘அவன் மறக்கவில்லை அம்மா. எடுக்கத்தான் நின்றான். நாம் சத்தம் போட்டு நிறுத்திவிட்டோம்’ என்றோம். நடந்ததைச் சொன்னோம். சொல்லச் சொல்ல, சின்னக் காரியமாகத் தோன்றியது பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் நிறுத்தி நம்மிடம் நீட்டினார். பெரிய கையில் மகன் உட்கார்ந்திருக்கிறான். படத்தின் கீழ் மூலையில், தெளிவில்லாமல், தடித்த இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது.

‘இது யாரு விரல் சாமி?’

நம் கட்டைவிரல். பதினைந்து படங்களில் ஒன்பதில் அது இருந்தது. நாம் கவனிக்கவே இல்லை.

‘மத்தப் பிள்ளைக எடுத்ததுல இப்படி இல்ல. இது சாமி எடுத்ததுன்னு பார்த்ததுமே சொல்லிட்டேன்’ என்றார். சாந்தோமைப் பற்றி அதன்பின் அவர் எதுவும் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மனத்தாங்கல் என்றும் சொல்லவில்லை. மதிய உணவுக்கு முன் இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. ஆசீர் கொடுத்துவிட்டு எழுந்தோம்.

அடுத்த மாதம் சென்றபோது அந்தப் படம் சுவரில் இருந்தது. பக்கத்தில் அவருடைய திருமணப் படம். பின்னால் எழுதிய தாஜ்மகால், அதன் ஒரு ஓரத்தில் படுதாவின் மடிப்பு தெரிகிறது. புதுப் படத்தை அச்சிட்டதும் இராஜபாளையத்து ஸ்டுடியோ ஒன்றில்தான். இப்போது அங்கே படுதா இல்லை, கணினிதான். மூலையிலுள்ள விரலை வெட்டி எடுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை என்று கடைக்காரர் சொன்னாராம். வெட்ட வேண்டாம் என்று அம்மா முன்னமே சொல்லி அனுப்பியிருந்ததால், பையன் அப்படியே வாங்கி வந்துவிட்டான்.